நந்தி மலை ஓவியக் கண்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலை ஒட்டிப் பெங்களூரில் அல்சூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஓவியக் கண்காட்சிக்கு இந்த முறை நகரின் வடக்கே நிற்கும் நந்தி மலையைப் பொருளாக எடுத்திருக்கிறோம். அறிவித்ததிலிருந்து வாட்ஸ்அப்பிலும் கோயில் வாசலிலும் மார்க்கெட்டிலும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

யார் யார் படம் கொடுக்கலாம்?

பெங்களூரில் இருக்கும் யாரும் கொடுக்கலாம். வயது வரம்பு இல்லை, கட்டணம் இல்லை. அல்சூரில்தான் குடியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. விவேக்நகர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன் என்று எங்கிருந்தாலும் வாருங்கள். ஒருவருக்கு ஒரு படம். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு படம்.

நம் ஊர்ப்பக்கம் எத்தனையோ மலை இருக்கின்றனவே, ஏன் நந்தி மலை?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பங்கள் நம்மில் பல. மலை என்றால் அவர்கள் மனதில் நிற்பது அண்ணாமலை, ஏலகிரி, ஜவ்வாது மலை. நந்தி மலை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பைக்கில் போய்ப் பனியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் இடமாகவே இருந்துவிட்டது.

ஆனால் பாலாறு புறப்படுவது அங்கிருந்துதான். நந்தி மலைப் பகுதியில் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம் வழியாக 222 கிலோமீட்டர் கடந்து வயலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. ஊருக்குப் போகும்போது பாலத்தின் மேலிருந்து பார்க்கும் அந்த அகன்ற மணல் வெளியின் தொடக்கம், நாம் வேலைக்கு வந்த ஊரின் வடக்கே நிற்கும் இந்த மலைதான். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது, ஊரிலிருந்து வந்த வீடியோவை வியந்து பார்த்தவர்கள் நாம். அந்த வெள்ளத்தில் இந்தப் பக்கத்து மழையும் கலந்திருந்தது.

தென்பெண்ணையும் இதே மலைத்தொடரில் பிறக்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று போய்க் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. மூன்றாவது அர்க்காவதி. அது கனகபுரா வட்டத்தில் சங்கமம் என்னும் இடத்தில் காவிரியோடு கலக்கிறது. ஆக, மேட்டூருக்கு வரும் தண்ணீரிலும் இந்த மலைக்கு ஒரு பங்கு உண்டு. நான்காவதான வடபெண்ணை ஆந்திரத்துக்குப் போய் நெல்லூரைத் தொடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அல்சூர் ஏரி நிரம்பினால் வழியும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. நாம் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அந்த வழியில்தான் போகிறது. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலைபோல் எழும் செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த நுரையின் ஒரு முனை நம் வீட்டு சாக்கடையில் இருக்கிறது. மலையில் பிறந்து தெளிவாக வரும் நீரை நடுவில் அழுக்காக்கி நம் சொந்தக்காரர்களின் வயலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவும் தெரிந்த பிறகு நந்தி மலையை வேறு யாருடைய மலையோ என்று என்னால் நினைக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பொருள்.

நந்தி மலையை மட்டும்தான் வரைய வேண்டுமா?

அதுவும் அதைச் சுற்றிய குன்றுகளும். ஸ்கந்தகிரி, மேற்கே சிவகங்கை, சாவன்துர்கா, ராமநகரம் எல்லாம் சரிதான். பெங்களூரைச் சுற்றி இருக்கும் பாறைக் குன்றுகள் எல்லாமே ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊட்டி, கொடைக்கானல், இமயமலை வேண்டாம். அவை அழகில்லை என்பதால் அல்ல. அவற்றை வரைந்தவர்கள் ஏராளம். நந்தி மலையை உட்கார்ந்து பார்த்து வரைந்தவர்கள் குறைவு.

மலையிலிருந்து பிறந்த ஆறுகளையும் வரையலாம். ஆம்பூர்ப் பாலத்தின் கீழே மணலை வரைந்தாலும் அது இந்தக் கண்காட்சிக்குள் வரும்.

எனக்கு வரையவே வராது. சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகவா?

வந்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள விடமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நம் எல்லாருக்கும் ஒரே மலையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், கீழே ஒரு வளைந்த ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை மரம். பெங்களூரைச் சுற்றி அப்படி ஒரு மலைகூட இல்லை. இங்குள்ளவை பல நூறு கோடி ஆண்டுப் பழமையான பாறைகள். கூர்மை எல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, மழை புகுந்து, வெங்காயத் தோல் உரிவதுபோல் மேல்தளம் அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்ததால் உருண்ட தோளும் வழுக்கும் முதுகுமாக நிற்கின்றன. தேவனஹள்ளிப் பக்கத்திலிருந்து பார்த்தால் நந்தி மலை படுத்திருக்கும் காளை மாதிரி என்று மக்கள் சொல்வார்கள். கழுத்து எங்கே, திமில் எங்கே என்று தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

வரையத் தெரியாதவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மலை தெரியும் ஓர் இடத்தில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள். பிறகு மலையின் மேல்விளிம்பை மட்டும் இடமிருந்து வலம் ஒரே கோடாக, கையை எடுக்காமல் இழுங்கள். மலையை வரைகிறோம் என்று நினைக்காமல், வானம் எங்கே முடிகிறது என்று நினைத்துக்கொண்டு இழுத்தால் கோடு தானாகச் சரியாக வரும். ஓவிய ஆசிரியர்கள் சொல்லித்தரும் பழைய முறை இது, முதல்முறை வரைபவருக்கும் பலிக்கும்.

அடுத்து ஓர் அளவு. பென்சிலை நீட்டிய கையில் பிடித்து மலையின் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாருமே சரிவைக் கண்ணுக்குத் தெரிவதைவிடச் செங்குத்தாக வரைந்துவிடுகிறோம். நந்தி மலை கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர். ஆனால் பெங்களூரே ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே நம் தரையிலிருந்து எழும்பி நிற்பது சுமார் 550 மீட்டர்தான். அகலமோ அதைவிடப் பல மடங்கு. தாளைக் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அந்த ஒரு கோடு மட்டும் இருக்கும் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாலும் மாட்டுவோம். நிஜமாகப் பார்த்து இழுத்த கோடு சுவரில் தனியாகத் தெரியும்.

எங்கே உட்கார்ந்து வரைவது? எப்போது போவது?

மலை உச்சிக்குப் போனால் மலை தெரியாது. இதைப் பலர் யோசிப்பதில்லை. உச்சியில் கிடைப்பது பனி, கீழே விரியும் சமவெளி, திப்பு டிராப் என்னும் செங்குத்துப் பாறை. அவையும் வரையத் தக்கவைதான். ஆனால் மலையின் உருவம் வேண்டுமானால் கீழே நில்லுங்கள்.

என் விருப்பம் நந்தி கிராமத்தில் இருக்கும் போக நந்தீஸ்வரர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, நுளம்பர், கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவரும் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய கோயில் அது. உள்ளே போக நந்தீஸ்வரருக்குப் பக்கத்தில் அருணாசலேஸ்வரர் சந்நிதி ஒன்றும் இருக்கிறது. திருவண்ணாமலைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். மதிலுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். படிக்கட்டுகள் சூழ்ந்த குளத்தின் கரையில் உட்கார்ந்தால் கல் படி, கல் மண்டபம், அதற்கும் மேலே கல் மலை என்று ஒரே பொருள் மூன்று விதமாகத் தெரியும். கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் தரையில் வண்ணம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரி, பென்சில் போதும்.

காரில்லாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. எலஹங்காவிலிருந்து சிக்கபல்லாபூர் போகும் பாதையில் நந்தி ஹால்ட் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். 1915-இல் குறும்பாதையாகத் தொடங்கிய பழைய லைன் அது. ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். மெஜஸ்டிக்கிலிருந்து பஸ்ஸும் உண்டு.

சனி ஞாயிறு விடியற்காலை வேண்டாம். மலைப்பாதை முழுக்க வண்டி நிற்கும். உங்களுக்கு உட்கார இடமும் மனமும் இருக்காது. வேலை நாளில் ஒரு நாள் லீவு போட முடிந்தால் போடுங்கள். முடியாதவர்கள் ஞாயிறு மதியத்துக்கு மேல் போகலாம், காலைக் கூட்டம் இறங்கியிருக்கும். மழை நின்ற பிறகு, கார்த்திகையிலிருந்து தை வரை காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும், பின்னால் இருக்கும் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளிறிப் போவதைப் பார்க்கலாம். மழை பெய்து முடிந்த அரை மணி நேரம் பாறை கறுத்து மினுங்கும். அதை வரைந்தவர் யாராவது இருந்தால் அந்தப் படத்துக்காகக் காத்திருக்கிறேன். பாறையில் மேலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோடுகளைக் கவனியுங்கள். ஆண்டாண்டாக மழைநீர் வழிந்த தடத்தில் பாசி படிந்து காய்ந்த கறை அது. வெயில் காலத்திலும் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று அந்தக் கோடுகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

முட்டி வலி, அவ்வளவு தூரம் போக முடியாது. என்ன செய்வது?

லால்பாக் போங்கள். மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரம்தான். உள்ளே கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழையது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. வாக்கிங் போகிறவர்கள் மிதித்துக்கொண்டு போகும் அந்தப் பாறையில் குனிந்து பாருங்கள்: வெள்ளை, கறுப்பு, இளஞ்சிவப்புப் பட்டைகள் மாவு பிசைந்ததுபோல் வளைந்து ஓடும். ஒரு சாண் அகலம் பாறையை மட்டும் பெரிதாக வரைந்தாலும் மலையை வரைந்ததாகவே எடுத்துக்கொள்வோம். பசவனகுடிப் பக்கம் இருப்பவர்களுக்கு பியூகிள் ராக் என்னும் பாறை இருக்கிறது.

நடக்கவே முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். சின்ன வயதில் பார்த்த எந்தக் குன்றாக இருந்தாலும் அவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

என் அப்பா கல் உடைக்கும் வேலைக்குத்தான் இந்த ஊருக்கு வந்தார். குவாரியை வரையலாமா? மலையின் அழகைத்தான் காட்ட வேண்டுமா?

வரையுங்கள். உங்கள் படத்துக்கு நடுச்சுவரில் இடம் தருகிறோம்.

இந்த நகரம் அந்தக் கல்லால் ஆனது. 1956-இல் கட்டி முடித்த விதான சௌதா கிரானைட். பழைய வீடுகளின் திண்ணை, தூண், தோட்டத்தைச் சுற்றி நட்ட கற்பலகை வேலி, வாசல்படி, அம்மி எல்லாம் சுற்றுவட்டாரக் குன்றுகளிலிருந்து வந்தவை. அவற்றை உடைத்த கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். அவர்கள் மலையைப் பார்த்த விதம் வேறு. பாறையில் நாம் காணாத இழையை அவர்கள் கண்டார்கள். எந்தத் திசையில் உளி வைத்தால் நேராகப் பிளக்கும் என்று தட்டிப் பார்த்த சத்தத்திலேயே சொல்வார்கள். வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாற்றி மாற்றி அடித்தால் அந்த வரிசையில் கல் விண்டு போகும். பெங்களூர்ப் பக்கம் நெருப்பு வைத்துப் பலகை எடுக்கும் முறையும் இருந்தது. பாறையின் மேல் விறகை வரிசையாக எரித்து, நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், சூட்டில் மேல்தளம் விரிந்து அடிப்பாறையை விட்டுப் பிரியும். மழையும் வெயிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்வதை ஒரு பகலில் செய்த வித்தை.

அதே வேலை நுரையீரலில் கல்தூசி படியும் சிலிக்கோசிஸ் நோயையும் கொடுத்தது. குன்றுகள் இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்களையும் விட்டுச்சென்றது. இரண்டையும் மறைக்க வேண்டியதில்லை. பாதி வெட்டப்பட்ட குன்றின் முகத்தில் துளை வரிசைகள் தையல் தழும்பாகத் தெரியும். அதையும் உள்ளபடி வரையுங்கள். அப்பாவின் உளியோ சம்மட்டியோ வீட்டில் இருந்தால் படத்தின் கீழே ஒரு மேசையில் வைக்கலாம், பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

முன்பு யாராவது இந்த மலைகளை வரைந்திருக்கிறார்களா? பார்த்துப் பழக வேண்டும்.

1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது காரன்வாலிஸின் படையோடு ராபர்ட் ஹோம் என்ற ஆங்கில ஓவியர் வந்தார். நந்தி மலைமேல் இருந்த கோட்டையான நந்தி துர்க்கம் அந்த ஆண்டு அக்டோபரில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் வீழ்ந்தது. ஹோம் வரைந்த மலைக்கோட்டைக் காட்சிகள் 1794-இல் லண்டனில் அச்சாகின. திறமையான கை. ஆனால் பிடிக்க வேண்டிய கோட்டையாக மலையைப் பார்த்த கண் அது. மலைச் சரிவில் மாடு மேய்த்தவர் அதில் அலங்காரத்துக்கு மட்டும் வருவார்.

நம் மண்ணின் ஓவியர் என்றால் கே. வெங்கடப்பா. 1886-இல் பிறந்து, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று, பிறகு பெங்களூரில் வாழ்ந்தவர். 1920-களில் ஊட்டியில் தங்கி அவர் தீட்டிய நீர்வண்ண மலைக்காட்சிகளில் மூடுபனியும் நிலவொளியும் எப்படித் தாளில் இறங்கியிருக்கின்றன என்று நின்று பார்க்க வேண்டும். கஸ்தூர்பா ரோட்டில் அவர் பெயரிலேயே அரசுக் கலைக்கூடம் இருக்கிறது. குமாரகிருபா ரோட்டில் சித்ரகலா பரிஷத்தில் ரஷ்ய ஓவியர்களான ரோரிக் தந்தை, மகன் ஓவியங்கள் இருக்கின்றன. தந்தை நிக்கோலஸ் இமயத்தை வரைந்து புகழ்பெற்றவர். மகன் ஸ்வேதோஸ்லாவ் கனகபுரா ரோட்டில் தாதகுணி தோட்டத்தில் பல ஆண்டு வாழ்ந்தவர். போகும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்த பிறகு அவர்களைப்போல் வரைய வேண்டாம்.

கோலம் போடலாமா? அக்கா தங்கைகள் பலர் கேட்கிறோம்.

போடலாம், போட வேண்டும். முன்வாசல் தரை முழுக்க உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். மயிலும் தாமரையும் மற்ற நாளுக்கு இருக்கட்டும், இந்த முறை மலை. அதற்கு ஒரு வழி சொல்கிறேன்.

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் மலையைக் காட்டச் சம உயரக் கோடுகள் இருக்கும். ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை எல்லாம் இணைத்த கோடு. 1:50,000 அளவு வரைபடத்தில் வழக்கமாக ஒவ்வொரு 20 மீட்டர் உயரத்துக்கும் ஒன்று. ஒன்றுக்குள் ஒன்றாக, ஒன்றையொன்று வெட்டாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோடுகள். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். புள்ளி வைத்துச் சுற்றி, கோடு விட்டுப் போகாமல் முடிக்கப் பழகிய கைக்கு இது வெகு எளிதில் பிடிபடும். நந்தி மலையின் சம உயரக் கோடுகளைப் பெரிதாக்கி அச்சிட்டு வைத்திருக்கிறோம். அதைப் பார்த்து ஐந்தாறு பேர் சேர்ந்து போட்டால், மேலிருந்து பார்த்த நந்தி மலை வாசலில் வந்து உட்காரும். காவிப் பட்டையை ஆறுகள் இறங்கும் இடத்தில் இழுக்கலாம். கோலமாவு நாங்கள் வாங்கித் தருகிறோம். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலம் வேண்டாம்.

என்ன தாள், என்ன வண்ணம்?

ஏ3 அளவு போதும், ஏ2-க்கு மேல் வேண்டாம். நீர்வண்ணம் என்றால் 300 ஜிஎஸ்எம் என்று போட்ட கனமான தாள் வாங்குங்கள். சாதா சார்ட் பேப்பர் ஈரத்தில் சுருண்டுவிடும். அவென்யூ ரோட்டில் தனித்தாளாகவே கிடைக்கும். கரி, பென்சில், கிரேயான், துணி, ஒட்டுத்துணி, எம்பிராய்டரி எல்லாம் சரி. செம்மண்ணைச் சலித்துக் கொஞ்சம் பசை சேர்த்துப் பூசினால் அருமையான நிறம் வரும். மண் உங்கள் வீட்டு வாசலிலிருந்து எடுங்கள், மலையிலிருந்து கல்லோ மண்ணோ எடுத்து வராதீர்கள்.

கரியில் வரைந்தால் தேய்ந்து போகாமலிருக்க மேலே ஒரு மெல்லிய தாள் வைத்துக் கொண்டுவாருங்கள். சட்டம் போட வேண்டாம். எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி அட்டை விளிம்பு நாங்களே போடுகிறோம், ஒருவர் படம் தங்கச் சட்டத்திலும் இன்னொருவர் படம் வெறும் தாளிலும் தொங்குவது நன்றாக இருக்காது.

போட்டோ எடுத்து அனுப்பலாமா? ட்ரோன், ஏஐ படம்?

போட்டோவுக்கு ஒரு சின்னப் பகுதி உண்டு. நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும். ஏ3-இல் தெளிவாக அச்சாக ஏறக்குறைய 3,500க்கு 5,000 பிக்சல் வேண்டும், ஆகவே வாட்ஸ்அப்பில் சுருங்கிய படத்தை அனுப்பாமல் மூலக் கோப்பை மெயிலில் அனுப்புங்கள். இணையத்தில் எடுத்த அடுத்தவர் படத்தைப் பார்த்து அப்படியே வரைவதும் வேண்டாம். அந்தப் படத்துக்கு உரிமையாளர் இருக்கிறார்.

ட்ரோன் படம் ஏற்கமாட்டோம். விமான நிலையம் இருக்கும் திசை, அனுமதிச் சிக்கல் ஒருபுறம். நம் கால் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பதுதான் இந்தக் கண்காட்சி என்பது இன்னொருபுறம். ஏஐ படமும் அதே காரணத்தால் இல்லை.

பிள்ளைகள் வரைந்ததை நாங்கள் கொஞ்சம் திருத்தித் தரலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரு கோடுகூட. பிள்ளை மலையை ஊதா நிறத்தில் வரைந்தால் ஊதாவிலேயே வரட்டும். ஆனால் ஒருமுறையாவது கூட்டிப்போய்க் காட்டுங்கள். காட்டாமல் வீட்டில் உட்காரவைத்து வரையச் சொன்னால் அந்த முக்கோணம்தான் வரும், அது பிள்ளையின் தவறு இல்லை.

பிள்ளைகளின் படங்களை அவர்கள் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மாட்டுவோம். பெரியவர்கள் குனிந்து பார்க்கட்டும்.

பரிசு உண்டா?

இல்லை. முதல் பரிசு என்று ஒன்று வைத்தால் மற்ற எல்லாப் படமும் தோற்ற படமாகிவிடும். வரைந்த எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் உண்டு.

படங்களை எப்படி அடுக்கப் போகிறீர்கள்?

ஆறுகளை வைத்து. வடக்குச் சுவரின் நடுவில் மலை, அங்கிருந்து மூன்று பக்கம் பாலாறு, தென்பெண்ணை, அர்க்காவதி. உங்கள் சொந்த ஊர் பாலாற்றங்கரைப் பக்கம் என்றால் உங்கள் படம் பாலாற்றுச் சுவரில். சேலம், ஈரோடு, திருச்சி, தஞ்சாவூர்க்காரர்கள் அர்க்காவதிச் சுவரில், காவிரி வழியாக. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில்காரர்களுக்கு இந்த மலையிலிருந்து ஆறு வரவில்லை. அவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும் பெங்களூர்ச் சுவர் இருக்கிறது. 1890-களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாயில் வந்த முதல் தண்ணீர் அர்க்காவதித் தண்ணீர்தான் என்பதால், அந்தச் சுவரும் மலையோடு சேர்ந்தே இருக்கிறது.

இதற்காகத்தான் படத்தின் பின்னால் பெயர், சொந்த ஊர், எங்கே உட்கார்ந்து வரைந்தீர்கள், எந்த மாதம், எந்த நேரம் என்று எழுதச் சொல்கிறோம். தெரிந்தால் ஊருக்குப் பக்கத்து ஆற்றின் பெயரும் எழுதுங்கள். விளக்கவுரை வேண்டாம், இரண்டு வரி போதும்.

கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வரலாமா?

கட்டாயம். பெயர்ப் பலகைகள் தமிழ், கன்னடம் இரண்டிலும் இருக்கும். நந்தி மலையடிவாரத்துக்காரர் யாராவது வந்து, நாம் வரைந்ததில் எந்தப் பாறைக்கு என்ன பெயர் என்று சொன்னால் அதையும் உடனே எழுதி ஒட்டுவோம். தண்ணீர்த் தகராறு செய்தியாகும் நாட்களில் நம் இரு வீட்டுக்கும் இடையே பேச்சு குறைகிறது. ஒரே மலையைப் பார்த்து வரைந்த படங்களுக்கு முன்னால் நின்று பேசினால் நல்லது என்று நம்புகிறேன்.

படத்தை விற்கலாமா? பிறகு திரும்பக் கிடைக்குமா?

விற்க விரும்பினால் விலையைப் பின்னால் எழுதுங்கள், முழுத் தொகையும் உங்களுக்கே. படத்தை விற்றாலும் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். நம் சட்டப்படி வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும். யாராவது காலண்டரில் போட விரும்பினால் உங்களிடம் கேட்டுத்தான் போட வேண்டும், நாங்களும் அப்படித்தான்.

விற்காத படங்களைக் கடைசி நாள் மாலையே வாங்கிக்கொள்ளலாம். வர முடியாதவர்கள் யாரிடம் கொடுத்தனுப்புவது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேலூர், ஆம்பூர், திருவண்ணாமலைப் பக்கம் பொங்கல் முடிந்து போகிறவர்கள் பெயர் கொடுத்தால், படங்களைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுத் தருகிறோம்.